மருத்துவக் கல்வியும் தமிழ்வழி மாணவரும்

(திண்டுக்கல்லில் மேனிலைப் பள்ளி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அவ்வினா முறையானதே. யான் மருத்துவனல்லன், உயிரியலும் வேதியியலும் நடத்துவோனும் அல்லன். ஆயினும், இந்நாட்டில் மருத்துவக் கல்லூரியின் வாயிலில் தடுத்து நிறுத்தப்படுகின்றவன் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்த பிள்ளை. அவனைத் தடுக்கும் சுவர்களுள் ஒன்று மொழி. மொழி எங்கே தடையாக நிற்கின்றதோ, அங்கே தமிழாசிரியனுக்கு வேலையுண்டு. அந்த உரிமையில்தான் பேச வந்தேன்.

நம் மாவட்டத்தின் நிலை

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆனால் நம் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்வி நெடுங்காலம் பூட்டிய கதவாகவே இருந்தது. படிக்க வேண்டுமெனின் மதுரைக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். இன்று அந்நிலை மாறியிருக்கின்றது. தமிழகத்தில் புதிதாகத் திறக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று திண்டுக்கல்லுக்குக் கிடைத்தது. 2022 சனவரியில் அது முறையாகத் திறக்கப்பெற்றது; ஆண்டுக்கு 150 பேர் சேரும் கல்லூரி. வேடசந்தூர் நூற்பாலைக்குச் செல்லும் தாயும், நிலக்கோட்டையில் பூப்பறிக்கும் தாயும், ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் மூட்டை சுமக்கும் தந்தையும், சின்னாளபட்டியில் தறி நெய்யும் தந்தையும் பேருந்தேறிச் சென்று பார்த்து வரத்தக்க தொலைவில் இன்று ஒரு மருத்துவக் கல்லூரி நிற்கின்றது. அதனுள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நுழைவர் என்பதே கேள்வி.

நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. காந்திகிராமத்தை உருவாக்கிய அம்மையார் சௌந்தரம் 1904இல் பிறந்தவர். இளமையில் மணமானவர். அவர்தம் கொழுநர் மருத்துவர். நோயர்க்குத் தொண்டு செய்கையில் கொள்ளைநோய் தொற்றி உயிர் நீத்தார். அக்காலத்தில் கைம்பெண் என்றால் மூலையில் அமர வேண்டும் என்பதே வழக்கு. அவரோ மூலையில் அமரவில்லை. தில்லி சென்று மருத்துவம் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1947இல் இங்கே காந்திகிராமப் பணியைத் தொடங்கி, சிற்றூர்த் தாய்மார்க்கு மருத்துவமனையும் அமைத்தார். பட்டம் பெற்றபோது அவர்க்கு அகவை முப்பத்திரண்டு! பதினெட்டில் இடம் கிடைக்கவில்லை என்று உலகமே முடிந்ததாகக் கருதும் பிள்ளைகளும் பெற்றோரும் இவ் அகவைக் கணக்கை நெஞ்சில் இருத்துக.

புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார் வரலாறும் இத்தகையதே. ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் மன்னரின் இசைவு பெற்றுச் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்தார். 1912இல் பட்டம் பெற்றார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். தடை இல்லாதவர் யாரும் அந்நாளில் மருத்துவராகவில்லை என்பதற்கு இவ்விருவரும் சான்று.

தமிழில் மருத்துவம் நடந்ததுண்டு

"மருத்துவம் தமிழில் வருமா?" என்று உதட்டைப் பிதுக்குவோர் நம்மிடையே மிகுதி. வரும் என்பதற்கு முன்கணிப்பு வேண்டா. வந்தது என்பதற்கு வரலாறே இருக்கின்றது.

அமெரிக்காவில் 1822இல் பிறந்த சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பள்ளி அமைத்தார். முதலில் ஆங்கிலத்தில் நடத்தினார். மக்கள் மருத்துவம் மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும் என்று தெளிந்து, தாமே தமிழ் கற்று, தம் மாணவரைத் துணைக்கொண்டு மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 'அங்காதிபாதம்' என்று உடற்கூற்று நூல், 'பிரசவ வைத்தியம்' என்று மகப்பேற்று நூல், 'இரண வைத்தியம்' என்று அறுவை நூல் எனப் பலவும் வெளிவந்தன. 1860களில் மேலை மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே பயிற்றினார். அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர் அறுபதின்மர்க்கும் மேற்பட்டோர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் தமிழ்நூற் பணியை விடவில்லை. 1884இல் மறைந்தார்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்நூற்பெயர்களைப் பாருங்கள்: அங்காதிபாதம், பிரசவம், இரணம். அன்று வடசொல்லைத் தவிர்த்தால் மருத்துவம் பேசவே இயலாது என்று கருதினர். இன்றோ உடற்கூற்றியல், மகப்பேறு, அறுவை மருத்துவம் என்கிறோம். பள்ளிப் பிள்ளையும் புரிந்துகொள்கின்றது. தூய தமிழ்ச்சொல் முதலில் முரடாகத் தோன்றும். பழகப் பழக அதுவே இயல்பாகும். மற்றொன்று, கிறீனார்க்குப் பின் அப்பணி ஏன் நின்றது? தமிழில் சொல் இல்லாமையால் அன்று. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தோன்றியது. அரசுப் பதவியும் மதிப்பும் ஆங்கிலத்தின் பின்னே சென்றன. மாணவரும் அவற்றின் பின்னே சென்றனர். மொழி தோற்கவில்லை, மொழிக்குப் பின்னால் நிற்க வேண்டிய அரசும் வாழ்வும் நிற்கவில்லை.

வாயிலில் இட்ட தாழ்

நுழைவு முறையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். மாணவர் அறிந்திருத்தல் நன்று. தமிழகத்தில் 1984இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. நகர்ப்புறத்துப் பிள்ளைக்கும் சிற்றூர்ப் பிள்ளைக்கும் அது ஏற்றத்தாழ்வை உண்டாக்குகின்றது என்று கண்டு, 2007இல் சட்டத்தின்வழி நீக்கப்பட்டது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2013இல் இந்தியா முழுமைக்குமான நீட் தேர்வு வந்தது. அவ்வாண்டே உச்சநயன்மன்றம் அதனைச் செல்லாதென்றது. 2016இல் மீண்டும் உயிர்பெற்றது. 2017 முதல் தமிழகத்தின் மீதும் சுமத்தப்பட்டது. விலக்கு வேண்டி நம் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியதும், 2022இல் மீண்டும் நிறைவேற்றியதுமான சட்டமுன்வடிவுக்கு 2025இல் ஒப்புதல் மறுக்கப்பட்டது.

தமிழ் இத்தேர்வில் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதற்கு 2018ஆம் ஆண்டே போதும். அவ்வாண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததென வழக்குத் தொடரப்பட்டது. சூலையில் மதுரை உயர்நயன்மன்றக் கிளை, வினா ஒன்றுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்குக என்று தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்சநயன்மன்றம் அதனைத் தள்ளிவிட்டது. ஐயம் எழுந்தால் ஆங்கிலப் படியே முடிவானது என்பது அத்தேர்வின் நெறிமுறை. அஃதாவது, தமிழில் எழுத விடுவார்கள். ஆனால் தமிழை நம்ப மாட்டார்கள்! பிழை செய்தவர் மொழிபெயர்த்தவர். தண்டம் இறுத்தவர் பதினேழு அகவைப் பிள்ளைகள்.

இம்முறை மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கான போராட்டம் தொடரட்டும். ஆனால் இவ்வாண்டு பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை, போராட்டம் வெல்லும்வரை காத்திருக்க இயலாது. கதவை இடிக்கும் வேலை நம்முடையதாகட்டும்; கதவு இருக்கும் வரையில் அதனைத் திறக்கும் திறவுகோலை வார்ப்பது மாணவர் வேலையாகட்டும்.

பள்ளியில் செய்ய வேண்டுவன

முதலாவது, ஆறாம் வகுப்பு முதற்கொண்டே கருத வேண்டியது ஒன்றுண்டு. 2020இல் வந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 7.5 உள்ஒதுக்கீடு உண்டு. 2019இல் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்ற அரசுப் பள்ளி மாணவர் 6 பேரே என்பது அரசே அன்று எடுத்துரைத்த கணக்கு. ஒதுக்கீடு வந்த 2020இல் அவ்வெண் முந்நூற்றைக் கடந்தது. ஒரே ஆண்டில் நம் பிள்ளைகள் ஐம்பது மடங்கு அறிவாளிகளாகி விட்டார்களா? இல்லை. அறிவு முன்பே இருந்தது, வழிதான் இல்லை. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது. இதனை அறியாமல் ஒன்பதாம் வகுப்பில் கடன்பட்டுப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகின்ற பெற்றோர் உளர். பணத்தையும் இழக்கின்றனர், உரிமையையும் இழக்கின்றனர். அரசு உதவிபெறும் பள்ளிக்கு இவ்வொதுக்கீடு இல்லை என்பதையும் கருத்திற் கொள்க.

இரண்டாவது, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்தல். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம் வேண்டும். தேர்வில் 180 வினாக்கள்: உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று கழியும், மொத்தம் 720. காலம் 180 நிமையம். வினாவுக்கு ஒரு நிமையம். உயிரியல் பாதி என்பதால் அதனை மட்டும் உருப்போடுவோர் இயற்பியலில் இடறுகின்றனர். கணக்கில் பயிற்சி இல்லாதவன் இயற்பியலில் நிற்க முடியாது. ஆதலால் பத்தாம் வகுப்புக் கணக்கைப் பழுதறக் கற்க.

மூன்றாவது, பதினொன்றாம் வகுப்பைப் புறந்தள்ளாதீர். மதிப்பெண் வேட்கையால் பதினொன்றின் பாடத்தை விடுத்துப் பன்னிரண்டின் பாடத்தையே ஈராண்டும் நடத்தும் பழக்கம் சில பள்ளிகளில் வேரூன்றியது. நுழைவுத் தேர்வோ இரண்டு வகுப்பின் பாடத்திலிருந்தும் வினவுகின்றது. அடித்தளம் இன்றி மாடி எழுப்பினால் சுவர் யார்மேல் விழும்?

நான்காவது, பயிற்றகங்களைப் பற்றியது. என் மாணவன் ஒருவனை அவன் தந்தை பயிற்றகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். "தமிழ்வழியா? சேர்ப்பதற்கில்லை, சேர்த்தாலும் பயனில்லை" என்று வாயிலிலேயே சொல்லி அனுப்பி விட்டனர். தந்தை என்னிடம் வந்து, "ஐயா, தமிழில் படிக்க வைத்தது என் குற்றமா?" என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. "குற்றம் உம்முடையதன்று" என்றேன். அக்கேள்வியை நம் நாட்டில் ஒரு தந்தை கேட்க நேர்ந்ததே குற்றம்.

சொல்லைப் பிரித்தறியும் கலை

அப்பிள்ளைக்கு யான் சொன்ன வழியை உங்களுக்கும் சொல்கிறேன். தமிழில் புரிந்துகொள்க, ஆங்கிலச் சொல்லைப் பெயராகக் கற்றுக்கொள்க. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். இரைப்பை என்னும்போதே இரை சேரும் பை என்று பொருள் விளங்குகின்றது. சிறுநீரகம் என்றால் சிறுநீர்க்கு அகம். நீரிழிவு என்றால் நீர் இழிந்து போதல். வெள்ளணு, சிவப்பணு, மூச்சுக்குழல், விழித்திரை, ஒளிச்சேர்க்கை எல்லாம் சொல்லே பாடம் நடத்தும் சொற்கள். ஆங்கிலப் பிள்ளைக்குக்கூட அவனுடைய மருத்துவச் சொல் இவ்வளவு விளங்காது. ஏனெனில் அவை பெரும்பாலும் கிரேக்கமும் இலத்தீனுமாகும்.

அந்தக் கிரேக்க, இலத்தீன் சொற்களையும் நாம் அஞ்ச வேண்டுவதில்லை. பள்ளியிலேயே பகுபத உறுப்பு கற்ற பிள்ளைகள் நீங்கள். பகுதி, விகுதி பிரிக்கத் தெரிந்தவர்க்கு அச்சொற்கள் விளையாட்டு. 'ஐட்டிசு' என்பது விகுதி. அழற்சி என்று பொருள். 'எக்டமி' என்பது விகுதி. வெட்டி நீக்கல் என்று பொருள். 'கேசுட்ரோ' என்பது இரைப்பை, 'நெப்ரோ' சிறுநீரகம், 'எபாட்டோ' கல்லீரல், 'கார்டியோ' நெஞ்சாங்குலை. இனிச் சேர்த்துப் பாருங்கள்: கேசுட்ரைட்டிசு – இரைப்பை அழற்சி, நெப்ரைட்டிசு – சிறுநீரக அழற்சி, எபாட்டைட்டிசு – கல்லீரல் அழற்சி, நெப்ரெக்டமி – சிறுநீரக நீக்கம். இருபது பகுதியும் பத்து விகுதியும் கற்றால் இருநூறு சொல் கைக்குள் வரும். நன்னூல் கற்ற மூளை இதற்குச் சோர்வதில்லை.

ஆகவே, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு மாணவனும் ஒரு சொற்சுவடி வைத்துக்கொள்க. இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே இருவரியில் தமிழ் விளக்கம். நாளொன்றுக்கு ஐந்து சொல். மூன்றாண்டில் ஐயாயிரத்தைத் தாண்டும். வினாத்தாளில் தமிழ்ப்படி பிழைபட்டிருந்தாலும் அருகிலுள்ள ஆங்கிலச் சொல்லைக் கண்டு தெளியும் ஆற்றலை அச்சுவடி தரும். இதற்கு இலக்கக்கணக்கில் கட்டணமில்லை. ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் போதும். ஆங்கிலத்தை வெறுக்காதீர், அதனை ஒரு மொழியாக நன்கு கற்க. ஆனால் சிந்திக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்காதீர்.

கல்லூரியும் நோயர் மொழியும்

கல்லூரியில் நான்கரை ஆண்டுப் படிப்பு. ஓராண்டுப் பயிற்சிப் பணி. முதலாண்டில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் ஆங்கிலத்தில் மலைபோல் வந்து நிற்கும். தமிழ்வழிப் பிள்ளை முதல் சில திங்கள் திகைப்பான். அத்திகைப்பு அறிவுக்குறைவன்று, மொழிமாற்றத்தின் களைப்பு. சொற்சுவடி வைத்திருப்பவன் விரைவில் நிமிர்வான். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமும் அண்மையில் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டுள்ளது. அவற்றை உடன்வைத்துப் படிக்க. 2022இல் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் மருத்துவ நூல்கள் வெளியிடப்பட்டன. ஆங்கிலச் சொற்களையே நாகரி எழுத்தில் எழுதி வைத்தனர் என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. எழுத்தை மாற்றுவது மொழியாக்கமன்று. நம் நூல்கள் அவ்வழியில் செல்லாமல் காப்பது தமிழறிஞர் கடன்.

நோயர்முன் நிற்கும்போதுதான் தமிழின் அருமை தெரியும். நம் ஊர்ப் பாட்டி, "மேலுக்கு முடியலப்பா, குறுக்கு விட்டுப்போகுது, கெண்டைக்கால் குடையுது" என்பாள். குறுக்கு என்றால் இடுப்பின் பின்புறம் என்று அறியாத இளமருத்துவர் ஒருவர், குறுக்கே என்றால் எதற்குக் குறுக்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டதைக் கண்ணாரக் கண்டேன். "நெஞ்சு கரிக்குது" என்பது வேறு. "நெஞ்சு அடைக்குது" என்பது வேறு. முன்னது பெரும்பாலும் இரைப்பைப் புளிப்பு. பின்னது உயிர்க்கே இடராகலாம். இவ்வேறுபாட்டை எந்த ஆங்கிலப் பொத்தகமும் கற்பிக்காது; தாய்மடி கற்பித்தது. 2019இல் வந்த மருத்துவப் பாடத்திட்டத்தில் தொடக்கப் பயிற்சியிலேயே அந்தந்தப் பகுதியின் மொழியைக் கற்பிக்க இடம் வைத்திருக்கின்றனர். நோயர் மொழி தெரியாமல் மருத்துவமில்லை என்று அவர்களும் ஒப்புகின்றனர் அல்லரோ? அங்ஙனமாயின், அம்மொழியிலேயே வளர்ந்த பிள்ளையை வாயிலில் தடுப்பது என்ன அறிவுடைமை? வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணும்போது நோயுற்றவனையே முதலில் வைத்தார். அவன் வாய்ச்சொல்லே நோய்க்கு முதற்சான்று.

பெற்றோர்க்கு

இறுதியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றாள். உச்சநயன்மன்றம் வரை சென்று வழக்காடினாள். இடம் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் முதல் நாள் அவளை இழந்தோம். அவள் பெயரைச் சொல்லும்போது என் நா இன்றும் தடுமாறுகின்றது. அவள் உயிரோடிருந்திருந்தால் இன்று என்னவாகியிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொரு பிள்ளையை நாம் இழக்கக் கூடாது.

ஒரு தேர்வு ஒரு பிள்ளையின் அறிவுக்கே அளவுகோலன்று. உயிர்க்கு எங்ஙனம் அளவாகும்? தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர். "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்னும் சொல்லை அன்று வாயெடுக்காதீர். மனம் சோர்ந்த பிள்ளை அரசின் 104 என்னும் எண்ணில் பேசலாம். தன் ஆசிரியரிடம் எந்நேரமும் வரலாம். மருத்துவத் துறையும் ஒரே கதவுடையதன்று. சித்த மருத்துவம் உண்டு. அதன் மூலநூல்கள் நம் மொழியில் உள்ளவை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரி இருக்கின்றது. அதற்கும் நீட் வேண்டும் என்பது உண்மையே. செவிலியம், மருந்தாக்கம், இயன்முறை மருத்துவம், ஆய்வுக்கூடப் பணி எனப் பிற வழிகளும் உண்டு. நோயரின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவர் செவிலியர். அவர் தொண்டு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

மாணவச் செல்வங்களே! இன்று இரவே ஒரு குறிப்பேட்டை எடுத்து ஐந்து சொல் எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்களே! உயிரியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் கிழமைக்கு ஒருநாள் ஒன்றாக அமர்ந்து அச்சுவடிகளைத் திருத்துவோம். என் பள்ளியில் நான் ஆயத்தமாக இருக்கின்றேன். பெற்றோரே! தமிழில் படிக்க வைத்ததற்காக எவர்முன்னும் தலைகுனியாதீர். நம் பிள்ளை ஒருநாள் இம்மாவட்ட மருத்துவமனையில் அமர்ந்து, நம் பாட்டியின் குறுக்குவலியைக் கேட்ட மாத்திரத்தில் உணர்ந்து மருந்தெழுதும் நாள் வரும். அந்நாளை நாமே கொணர்வோம்.

வாழ்க நம் மக்கள்! வெல்க தமிழ்!